கரி படிந்த சிறுதேர்

(மன்றத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



மன்றம் பத்து ஆண்டுகளை நிறைவு செய்திருக்கிறது. பிள்ளைத்தமிழ் மரபில் ஆண்பாற் பிள்ளைக்குப் பத்துப் பருவங்கள் உண்டு. காப்பில் தொடங்கும் அவ்வரிசை சிறுதேரில் முடிகிறது. தாலாட்டப்பெற்ற குழவி வளர்ந்து, சப்பாணி கொட்டி, நிலவை அழைத்து, பிறர் கட்டிய சிற்றிலைச் சிதைத்து, சிறுபறை முழக்கி, முடிவில் தன் கையால் ஒரு தேரை உருட்டுகிறது. பத்தாம் பருவம் தேருக்குரியது. ஆகவே பத்தாம் ஆண்டு விழாவில் சிறுதேர் ஒன்றைப் பற்றிப் பேசுவது பொருத்தமே. ஆனால் இது மரத்தேர் அன்று, இரும்புத்தேர். இரயில் எஞ்சினையும் வேகனையும் சிற்றுருவிற் கட்டி, வண்ணம் தீட்டி, அணிசெய்யும் கலையே இவ்வுரையின் பொருள். பணிமனைத் தொழிலாளர் நாவில் எச்சொல் வழங்குகிறதோ அச்சொல்லே இங்கும் ஆளப்படுகிறது.

இப்பொருள் இவ்வூருக்கு அயலானதன்று. எம்.கே.பி. நகர் என்னும் சுருக்கத்தினுள் மகாகவி பாரதியின் பெயர் மறைந்திருக்கிறது. அருகிலுள்ள வியாசர்பாடி நிலையம் ஜீவாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஒருபுறம் பெரம்பூர்ப் பணிமனைகளும், அவற்றுக்கப்பால் 1955-இல் தொடங்கப்பெற்ற இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையும் உள்ளன. மறுபுறம் தண்டையார்பேட்டையின் சரக்குத் தடங்கள். அவற்றுக்கு அப்பால், 1856-இல் தென்னாட்டின் முதல் இரயில் புறப்பட்ட இராயபுரம். கவிஞன் பெயரால் நகரும் தொழிலாளர் தலைவர் பெயரால் நிலையமும் அமைந்த இப்பகுதியில், இரும்பும் எழுத்தும் ஒரே தெருவில் குடியிருக்கின்றன எனலாம்.

இவ்வுரை முன்வைக்கும் கருத்து ஒன்றே. சிற்றுரு எஞ்சினின் உண்மையை அறிய வேண்டுமாயின் அதன் பளபளப்பைப் பார்த்தல் போதாது. உழைப்பு விட்டுச்சென்ற அழுக்கை அது எங்கே வைத்திருக்கிறது, ஏன் வைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். கவிதைக்கும் அதே உரைகல் பொருந்தும்.

பொம்மையும் மாதிரியும்

சிறுதேர் தமிழுக்குப் புதியதன்று. குறுந்தொகையின் 61-ஆம் பாடலில் தும்பிசேர்கீரனார், தச்சன் செய்து தந்த சிறு குதிரை வண்டி ஒன்றை உவமையாக்குகிறார். அதன்மேல் ஏறிச் செல்ல இயலாது. எனினும் கையால் இழுத்துச் செல்வதிலேயே சிறுவர் இன்பம் காண்கின்றனர். பட்டினப்பாலையிலோ, காவிரிப்பூம்பட்டினத்துச் சிறார் உருட்டும் மூன்று உருளைச் சிறுதேரின் வழியை, கோழியை விரட்ட மகளிர் எறிந்த பொன்னணி மறிக்கிறது. முன்னதிலே தச்சன் இருக்கிறான். பின்னதிலே துறைமுக நகரின் செல்வம் இருக்கிறது. விளையாட்டுப் பொருளைப் பாட வந்த புலவர்கள், அதைச் செய்த கையையும் அது ஓடும் ஊரையும் விட்டுவிடவில்லை என்பது கருதத்தக்கது.

மேலை நாட்டில் இரயில் பிறந்த நூற்றாண்டிலேயே இரயில் பொம்மையும் பிறந்துவிட்டது. 1891-இல் லைப்சிக் சந்தையில் செருமனியின் மார்க்லின் நிறுவனம், தண்டவாள அகலங்களை வரையறுத்து, பெட்டிகளையும் தடங்களையும் தனித்தனியே வாங்கிச் சேர்த்துக்கொண்டே போகத்தக்க தகர இரயில் தொகுதியைக் காட்சிக்கு வைத்தது. இங்கிலாந்தில் ஃபிராங்க் ஹார்ன்பியின் இரயில்கள் 1920-இல் விற்பனைக்கு வந்தன. நம் இல்லங்களிலும் நவராத்திரிக் கொலுப்படியின் கீழே மணலும் முளைப்பயிரும் கொண்டு பூங்கா அமைத்து, அதைச் சுற்றி, சாவி கொடுத்தால் ஓடும் இரயிலை விட்ட தலைமுறையினர் இவ்வவையிலும் இருப்பர். பூனா நகரில் பாவுசாகேப் ஜோஷி அவர்கள் தம் வாழ்நாள் ஆர்வத்தைத் திரட்டி அமைத்த சிற்றுரு இரயில் அருங்காட்சியகம் 1998-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பெற்றது.

பொம்மைக்கும் மாதிரிக்கும் வேறுபாடு உண்டு. பொம்மை, ‘இது இரயில்’ என்று சொன்னால் போதும், குழந்தை மகிழும். மாதிரியோ, ‘இது இன்ன வகை எஞ்சின், இன்ன பணிமனையைச் சேர்ந்தது, இன்ன ஆண்டில் இவ்வாறு இருந்தது’ என்று சொல்லியாக வேண்டும். பொம்மை பொதுப்பெயர், மாதிரி சிறப்புப்பெயர். கவிதையும் பொதுப்பெயரிலிருந்து சிறப்புப்பெயரை நோக்கி நடக்கும்போதுதான் கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது.

அளவு எனும் யாப்பு

உலகில் மிகுதியும் வழங்கும் அளவு எச்.ஓ. என்பதாகும். இதில் உண்மைப் பொருளின் 87-இல் ஒரு பங்காகச் சிற்றுரு அமையும். இங்கிலாந்தில் 76-இல் ஒரு பங்கு பெருவழக்கு. இடம் குறைந்தோர்க்கு 160-இல் ஒரு பங்கான ‘என்’ அளவு உண்டு. நிலக்கரி ஏற்றும் பாக்ஸ்-என் வேகனின் நீளம் 10.7 மீட்டர், எச்.ஓ. அளவில் அது 123 மில்லிமீட்டராக, ஒரு கையடக்கமாகிறது. பெரம்பூர்த் தொழிற்சாலையின் பழைய நீலப் பெட்டியின் உடல் 21.3 மீட்டர், அது 245 மில்லிமீட்டராகிறது. பெட்டியருகே நிற்கும் மனிதனின் உயரம் சுண்டுவிரல் நகத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்கு.

கணக்கு எளிதாகத் தோன்றும். ஆனால் இந்தியச் சிற்றுருக் கலைஞருக்கு முதல் அடியிலேயே தளை தட்டுகிறது. உலகச் சந்தையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். அது மேலை நாடுகளின் 1435 மில்லிமீட்டர் தடத்துக்குரிய அளவு. நம் அகலப் பாதையோ 1676 மில்லிமீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் 19 மில்லிமீட்டருக்கும் மேல் வருகிறது. கடையில் கிடைக்கும் தடத்தில் நம் எஞ்சினை நிறுத்தினால், முழு உருவக் கணக்கில் ஏறத்தாழ ஒரு சாண் குறுகிய தடத்தின்மேல் அது நிற்கும். அகன்ற தோளும் குறுகிய காலுமாக, முன்புறமிருந்து பார்ப்போர்க்கு ஏதோ பொருந்தாமை தெரியும். கலைஞர் சிலர் இக்குறையை ஏற்றுக்கொண்டு ஓட்டத்தை விரும்புகின்றனர். வேறு சிலர் தம் கையாலேயே தண்டவாளத்தைப் பதித்து, சக்கரங்களின் அச்சை நீட்டி, சரியான அகலத்தைப் பெறுகின்றனர். பிறமொழி யாப்பை அப்படியே ஏற்பதா, தன் மொழியின் ஓசைக்கேற்ப மாற்றுவதா என்னும் வினா கவிஞர்க்குப் பழக்கமானதே.

அடுத்தது வளைவு. நம் அகலப் பாதையில் விதிப்படி மிகக் கடுமையான வளைவின் ஆரம் 175 மீட்டர். அதைச் சிற்றுருவாக்கினாலும் 2 மீட்டர் ஆரம், அதாவது 4 மீட்டர் விட்டம் வேண்டும். வடசென்னையில் எத்தனை வீடுகளில் 4 மீட்டர் அகலமுள்ள அறை உண்டு? இருபத்து நான்கு பெட்டிகள் கொண்ட விரைவு வண்டியை முழுமையாக அமைத்தால் 6 மீட்டருக்கு மேல் நீளும். ஆகவே கலைஞர் வளைவைச் சுருக்குகிறார். இருபத்து நான்கை ஐந்தாக்குகிறார். எஞ்சின் ஒன்று, சரக்கும் கார்டும் செல்லும் பெட்டி ஒன்று, முன்பதிவில்லாப் பெட்டி ஒன்று, படுக்கைப் பெட்டிகள் மூன்று. பார்ப்பவர் மனம் எஞ்சியதை நிரப்பிக்கொள்கிறது. முன்பதிவில்லாப் பெட்டியை விட்டுவிட்டால் மட்டும் அது நம் நாட்டு வண்டியாகாது. எதை விடலாம், எதை விடலாகாது என்பதே இங்கு அறிவு. நன்னூலார் நூற்பாவைச் சிறு கண்ணாடிக்கு ஒப்பிட்டார். சில எழுத்தில் பல பொருள் அடங்கித் தெளிவாகத் தோன்ற வேண்டும் என்றார். நூலின் குற்றங்களை அடுக்கும்போது குன்றக் கூறலையும் மிகைபடக் கூறலையும் முதலில் வைத்தார். சிற்றுருக் கலைக்கு வேறு இலக்கணம் எழுத வேண்டியதில்லை.

கட்டுதலும் வண்ணமும்

வேகன் ஒன்றைக் கட்டுவோர் முதலில் வரைபடத்தைத் திரட்டுகின்றனர். கிடைக்காதபோது புகைப்படத்தில் தெரிந்த ஓர் அளவைக்கொண்டு மற்ற அளவுகளைக் கணிக்கின்றனர். பிளாஸ்டிக் தகட்டிலோ பித்தளைத் தகட்டிலோ பக்கச் சுவர்களை வெட்டி, சதுரம் பிசகாமல் ஒட்டுகின்றனர் அல்லது பற்றவைக்கின்றனர். உள்நாட்டில் அட்டையையும் பி.வி.சி. பலகையையும் கொண்டே வியத்தகு உருவங்களைச் செய்வோர் உண்டு. தகட்டின் பின்புறமிருந்து மழுங்கிய ஊசியால் அழுத்தினால் முன்புறம் ரிவெட்டின் தலை எழும். 20 மில்லிமீட்டர் தலையுள்ள ரிவெட் இவ்வளவில் கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு வரிசையில் ஒன்று வழுவினாலும் முழு வரிசையும் கோணலாகத் தோன்றும். அசை ஒன்று மிகுந்த அடிபோல.

வண்ணம் தீட்டுதலே இக்கலையின் நுட்பமான பகுதி. முதலில் உருவத்தைச் சோப்பு நீரால் கழுவ வேண்டும். விரலின் எண்ணெய் பட்ட இடத்தில் வண்ணம் பற்றாது. பின்னர்ச் சாம்பல் நிறப் பிரைமர். அதுவரை மறைந்திருந்த கீறலும் இடைவெளியும் அச்சாம்பல் நிறத்தில் வெளிப்பட்டுவிடும். திருத்தியபின் வெளிர் நிறத்தை முதலிலும் அடர் நிறத்தை அடுத்தும், காற்றுத் தூரிகையால் மிக மெல்லிய படலங்களாகப் பூச வேண்டும். படலம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடித்தாலும், முழு உருவக் கணக்கில் அது ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் தடிப்புள்ள பூச்சாகிவிடும். ரிவெட்டும் கதவின் விளிம்பும் அதனுள் மூழ்கிவிடும். மிகைபடக் கூறல் என்பது இதுவே.

இன்னொரு நுட்பமும் உண்டு. பணிமனையில் பூசும் அதே வண்ணத்தைச் சிற்றுருவிற் பூசினால் அது பொய்யாகத் தோன்றும். உண்மையைவிட அடர்ந்து தெரியும். மேசைமேல் உள்ள சிற்றுருவைப் பார்ப்பது, பெரிய வண்டியைத் தொலைவிலிருந்து பார்ப்பதற்கு ஒப்பானது. தொலைவில் உள்ள பொருளின் நிறத்தை இடையிலுள்ள காற்றும் ஒளியும் வெளிறச் செய்கின்றன. ஆகவே தேர்ந்த கலைஞர் எந்த நிறத்திலும் சிறிது வெண்மையையோ சாம்பலையோ கலந்தே பூசுகின்றனர். முற்றும் கருப்பான கருப்பு அவர்களிடம் இல்லை. நிகழ்ந்ததை நிகழ்ந்த அடர்த்தியிலேயே எழுதிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று எண்ணும் இளங்கவிஞர்க்கு இது நல்ல பாடம்.

வேகன் சுமக்கும் எழுத்து

வண்ணம் முடிந்ததும் எழுத்து. வேகனின் பக்கத்தில் காணும் எழுத்துகளைப் பலர் அலங்காரம் என்றே கருதுவர். உண்மையில் அது ஒரு வாழ்க்கைக் குறிப்பு. இந்திய இரயில்வேயில் வேகனுக்குரிய பதினொரு இலக்க எண்ணில், முதல் இரண்டு இலக்கங்கள் வேகனின் வகையையும், அடுத்த இரண்டு உரிமையுடைய இரயில்வேயையும், அடுத்த இரண்டு பிறந்த ஆண்டையும், அடுத்த நான்கு அதன் வரிசை எண்ணையும் காட்டுகின்றன. இறுதி இலக்கம் எழுத்துப் பிழையைக் கண்டுகொள்வதற்கான சரிபார்ப்பு எண். இவற்றோடு வெற்று வேகனின் எடை, ஏற்றத்தக்க சுமை, கடைசியாக முழுச் செப்பனிடல் நடந்த பணிமனை, அதன் நாள், மறுபடி திரும்ப வேண்டிய நாள் ஆகியனவும் எழுதப்பெறுகின்றன.

சிற்றுருவில் இவ்வெழுத்துகளின் உயரம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். மெல்லிய படலத்தில் அச்சிட்டு, நீரில் நனைத்து, நகர்த்திப் பொருத்துகின்றனர். எவரும் படிக்க மாட்டார் என்று ஏதோ ஓர் எண்ணை இட்டுவிடலாம். ஆனால் பொறுப்புள்ள கலைஞர் அவ்வாறு செய்வதில்லை. வகைக்குப் பொருந்தாத எண்ணையோ, வேகன் பிறக்குமுன்பே செப்பனிட்டதாகக் கூறும் நாளையோ எழுதினால், அறிந்த ஒருவர் பார்த்த கணத்தில் முழு உருவமும் பொம்மையாகிவிடும். கவிதையில் வரும் ஒரு பூவின் பெயரும் ஒரு கருவியின் பெயரும் இத்தகையனவே. நூறு பேர் கவனியாது கடப்பர். அத்தொழிலைச் செய்த ஒருவர் நின்று பார்ப்பார். அந்த ஒருவருக்காகவே சரியாக எழுத வேண்டியிருக்கிறது.

அழுக்கின் இலக்கணம்

இத்தனையும் முடிந்தபின், புத்தம் புதிதாய் ஒளிரும் அச்சிற்றுருவை எடுத்து, கலைஞர் அழுக்காக்கத் தொடங்குகிறார். இக்கலையை அறியாதார் திகைக்கும் இடம் இது. வாரக்கணக்கில் உழைத்துப் பெற்ற பளபளப்பின்மேல் நீர்த்த கரும்பழுப்பைப் பூசித் துடைக்கிறார், உலர்ந்த தூரிகையால் விளிம்புகளில் துரு நிறம் தேய்க்கிறார், பொடிகளைத் தூவுகிறார். ஏன்? புதிய வேகன் தொழிற்சாலை வாயிலில் ஒருநாள் மட்டுமே இருக்கிறது. அதன் எஞ்சிய ஆயுள் முழுவதும் வெயிலிலும் மழையிலும் சுமையிலும் கழிகிறது.

அழுக்குக்கும் இலக்கணம் உண்டு. வார்ப்பிரும்புப் பிரேக் கட்டைகள் சக்கரத்தில் தேய்ந்து பறக்கவிட்ட இரும்புத் தூள், பெட்டியின் கீழ்ப்பகுதியில் செம்பழுப்பாய்ப் படியும்; மேலே செல்லச் செல்ல மெலியும். எண்ணெய் வேகனில் மேல்வாயிலிருந்து வழிந்த கறை, உருண்ட வயிற்றின்மீது நேர்க்கோடாய் இறங்கும். தண்டையார்பேட்டைத் தடங்களில் நின்ற எண்ணெய் வேகன்களைப் பார்த்தவர்க்கு அது தெரியும். நீராவி எஞ்சினில் கொதிகலனின் நீர் கசிந்த இடத்தில் சுண்ணாம்பின் வெண்கோடு இறங்கும். புகைபோக்கியைச் சுற்றிக் கரி படியும். ஓயாது எண்ணெயிட்ட இணைப்புத் தண்டுகளோ மின்னும். டீசல் எஞ்சினில் கூரைமேல் புகை. மின் எஞ்சினின் கூரையில், கம்பியோடு உராயும் பேன்டோகிராப் உதிர்த்த தூள். நிலக்கரி வேகனின் உட்புறத்தில் வண்ணமே நில்லாது. ஏற்றும்போதும் கவிழ்க்கும்போதும் கரி உரசி உரசி, துருவும் தேய்ந்த இரும்பும் மாறிமாறித் தெரியும்.

ஒவ்வொரு கறைக்கும் காரணம் உண்டு என்பதே இவ்விலக்கணத்தின் முதல் விதி. காரணமற்ற கறை வெறும் ஒப்பனை.

வடசென்னையில் இருந்துகொண்டு இதைப் பேசும்போது ஒரு வினாவைத் தாண்டிச் செல்ல இயலாது. மேலை நாடுகளில் நிலக்கரித் தூளின் நிறமும் துருவின் நிறமும் சிறு புட்டிகளில் அடைத்து விற்கப்படுகின்றன. இங்கே அத்தூள் விலையின்றி வீட்டுக்குள் வந்தது. சென்னைத் துறைமுகத்தில் கையாளப்பட்ட நிலக்கரியின் தூசு இராயபுரத்துச் சன்னல்களிலும் உலர்த்திய துணிகளிலும் மூச்சிலும் படிந்தது. உயர்நீதிமன்றத்தின் ஆணையால் 2011-இல் அங்கே நிலக்கரி கையாள்வது நிறுத்தப்பட்டு, எண்ணூர்த் துறைமுகத்துக்கு மாற்றப்பட்டது. இராயபுரம் ஓரளவு மூச்சுவிட்டது. எண்ணூரின் சுமை கூடியது. 1970-இல் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டபோதும், அப்பகுதியின் பிற நிலையங்களின் சாம்பல் கழிமுகத்தைத் தொடர்ந்து நிறைத்தது. மீனவர் வாழ்வை அது எவ்வாறு குலைத்தது என்பதை இவ்வவையோர் அறிவர். ஒருவர் நுரையீரலில் படிந்ததை இன்னொருவர் தூரிகையால் அழகாகத் தீட்டுவது முறையா?

இவ்வினாவுக்கு எளிய விடை இல்லை. அழுக்கைத் தீட்டவே கூடாது என்று விலக்கினால், மிஞ்சுவது விளம்பரப் படத்தின் பளபளப்பு. அது இன்னும் பெரிய பொய். அழுக்கை அதன் நிற அழகுக்காக மட்டும் தீட்டினால், அது துயரத்தை அணிகலனாக்குதல். இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வழி உண்டு. கறையைத் தீட்டுவோர் அதன் காரணத்தோடு அது சென்று சேர்ந்த இடத்தையும் தீட்ட வேண்டும். நிலக்கரி வேகனைக் கட்டினால், அது நிற்கும் தடத்தின் ஓரத்துச் சுவரும் கருத்திருக்க வேண்டும். சுவருக்கு அப்பாலுள்ள வீட்டின் கொடித்துணியும் சாம்பல் பூத்திருக்க வேண்டும். மண்வெட்டியோடு நிற்கும் மனிதனும் அங்கே இருக்க வேண்டும். அவன் உயரம் 19 மில்லிமீட்டர்தான். ஆயினும் உலகின் மிகச் சிறந்த சிற்றுரு அமைப்புகள் பலவற்றில் எஞ்சின்கள் நிறைந்திருக்க, உழைப்போர் அருகியே காணப்படுகின்றனர். இரும்பைப் பாடும் கவிதைகளிலும் இக்குறை உண்டா என்று கவிஞர்கள் எண்ணிப்பார்க்கலாம்.

பெரம்பூரும் பெண்டனும்

மீட்டுருவாக்கத்தில் பெரம்பூருக்குத் தனிச்சிறப்பு உண்டு. 1855-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கட்டப்பெற்று, கிழக்கிந்திய இரயில்வேயில் உழைத்த இரு எஞ்சின்களில் ஒன்றான ‘ஃபேரி குயின்’, பெரம்பூர் லோகோ பணிமனையில் செப்பனிடப்பெற்று 1997-இல் மீண்டும் ஓடியது. அதன் உடன்பிறப்பான இ.ஐ.ஆர். 21, நூறாண்டுக்கு மேல் காட்சிப்பொருளாய் நின்ற பின், அதே பணிமனையின் கைகளால் 2010-இல் உயிர்பெற்றது. நாட்டின் அகலப் பாதைகளில் நீராவி வண்டிகளின் வழக்கமான ஓட்டம் 1995-இல் முடிந்துவிட்டது. ஆகவே இத்தொழிலாளர்கள் செய்தது, வழக்கொழிந்த மொழி ஒன்றில் மறுபடி ஒரு பாட்டு எழுதியதற்கு ஒப்பாகும். கொதிகலன் அழுத்தத்தின் கணக்கும் தண்டுகளின் இயைபும் நூலில் இருந்தன. அவற்றைக் கையறிந்த தலைமுறையோ ஓய்வு பெற்றுக்கொண்டிருந்தது.

இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையை ஒட்டி 2002-இல் திறக்கப்பெற்ற சென்னை இரயில் அருங்காட்சியகத்தில் பழைய எஞ்சின்களும் பெட்டிகளும் அவற்றின் சிற்றுருக்களும் உள்ளன. அங்கு நிற்கும் எஞ்சின்கள் ஒளிரும் வண்ணப் பூச்சுடன் காணப்படுகின்றன. இரும்பைத் துருவிலிருந்து காக்கப் பூச்சு இன்றியமையாதது, அது குறையன்று. ஆயினும் அவை ஓடிய காலத்தில் எவ்வாறு இருந்தன என்பதைப் பெரிய எஞ்சின் சொல்ல இயலாதபோது, அருகே வைக்கும் ஒரு சிற்றுரு சொல்ல இயலும். பெரியதைக் காக்க வேண்டும். சிறியதைக் கொண்டு நினைவுகூர வேண்டும்.

இதற்கு வெளிநாட்டுச் சான்று ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த ராய் இங்லண்ட் என்பவர், தாம் விரும்பிய நாட்டுப்புறப் பள்ளத்தாக்கின் பழைய குடில்கள் ஒவ்வொன்றாக உருமாறி மறைவதைக் கண்டார். அவற்றை அளந்து, கூரை வேய்ந்த முறை உட்பட, 76-இல் ஒரு பங்காகச் செய்யத் தொடங்கினார். பெண்டன் அருங்காட்சியகம் 1954-இல் அவ்வாறு பிறந்தது. இரயிலில் தொடங்கிய முயற்சி ஓர் ஊரின் நினைவேடாயிற்று. வடசென்னைக்கு இது நேரடியாகப் பொருந்தும். பெரம்பூரின் பக்கிங்காம் கர்னாடிக் ஆலை 1996-இல் மூடப்பட்டது. சென்னைக் கடற்கரை – தாம்பரம் மீட்டர் பாதை 2004-இல் முடிவுற்றது. இவற்றைப் பார்த்தோர் இன்றும் உள்ளனர். ஆலைச் சங்கின் நேரத்துக்கு அடுப்பு மூட்டியோரும் உள்ளனர். அவர்தம் நினைவிலுள்ள அளவுகளையும் நிறங்களையும் குறித்துக்கொள்ள யார் உள்ளனர் என்பதே கேள்வி.

அணி

இறுதியாக, அணிசெய்தல். இக்கலையில் நம் மண்ணுக்கே உரிய ஒரு பகுதி உண்டு. 1947-இல் அமெரிக்காவின் பால்டுவின் ஆலையிலிருந்து வரத் தொடங்கிய டபிள்யு.பி. வகை நீராவி எஞ்சின்களின் கூம்பு முகத்தில் வெள்ளி நிற நட்சத்திரம் ஒன்று இருந்தது. அதைத் துலக்கி ஒளிரச் செய்வதில் டிரைவரும் பயர்மேனும் பெருமை கொண்டனர். ஆயுத பூசையன்று பணிமனைகளிலும் லோகோ ஷெட்டுகளிலும் எஞ்சினுக்கு வாழைக்கன்று கட்டி, சந்தனமும் குங்குமமும் இட்டு, மாலை சூட்டி, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைப்பது நம் வழக்கம். அன்று ஒருநாள் கருவி வணங்கப்படுகிறது. மறுநாள் வாடிய மாலையோடு அது மறுபடி சுமை இழுக்கப் போகிறது.

சிற்றுருவில் அக்குங்குமப் பொட்டு ஊசிமுனையளவு. எலுமிச்சம்பழம் கடுகைவிடச் சிறியது. ஆனால் அவற்றை இட்ட கணத்தில், அமெரிக்காவில் பிறந்த எஞ்சின் பேசின்பிரிட்ஜ் எஞ்சினாகிவிடுகிறது. துலக்கிய நட்சத்திரமும், அதன் கீழே கரி படிந்த சட்டமும், இடையே ஒரு குங்குமப் பொட்டும் அருகருகே இருக்கும்போதுதான் உருவம் நிறைவு பெறுகிறது. அணியிலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர் இதைவிட நல்ல எடுத்துக்காட்டைத் தேட வேண்டியதில்லை. அணி, பொருளின் மேல் ஒட்டியதன்று. அப்பொருளோடு வாழ்ந்தோர் அதற்குச் செய்த மரியாதை.

தச்சன் செய்த சிறுவண்டியில் ஏறிச் செல்ல இயலாது என்று சங்கப் புலவர் அறிந்திருந்தார். கவிதையிலும் ஏறி எங்கும் செல்ல இயலாது. இழுத்துச் செல்லலாம், பிறர் கண்முன் நிறுத்தலாம். நிறுத்தும்போது, இந்நகரின் வேகன்களில் எவ்விடத்தில் கரி படிந்தது, எவ்விடம் தேய்ந்தது, எவ்விடம் கைபட்டு மின்னியது என்று அறிந்தோர் இப்போதும் இத்தெருக்களில் வாழ்கின்றனர். ஓய்வுபெற்ற பிட்டர், பெயின்டர், கலாசி, டிரைவர் ஆகியோரை அடுத்த ஆண்டின் கூட்டங்களுக்கு அழைத்து, அவர்கள் சொல்ல, கவிஞர்கள் எழுதிக்கொள்வது மன்றத்தின் பதினொன்றாம் ஆண்டுக்குத் தகுந்த பணியாகும். பிள்ளைத்தமிழில் பத்தாம் பருவத்துக்குப் பின் பாட்டு இல்லை; பிள்ளை வளர்ந்துவிட்டது என்று பொருள். வளர்ந்த மன்றம் அத்தேரை எத்தெருவில் உருட்டப்போகிறது என்று ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது.

மன்றம் நீடு வாழ்க.